‘காசு கொடுத்துப் போட்ட பதிவு’ என்றால் என்ன? சமூக வலைத்தள அரசியல் விளம்பர விதிகள், எளிமையாக

தேர்தல் நெருங்கினால் காவிரி டெல்டாவில் இரண்டு பேச்சு தவறாமல் காதில் விழும். யாராவது ஒரு கட்சியைப் பாராட்டி ரீல்ஸ் போட்டால் "காசு வாங்கிட்டுப் பேசுறாம்ப்பா" என்பது ஒன்று. ஒரு வேட்பாளரின் வீடியோவுக்கு மேலே ‘ஸ்பான்சர்ட்’ என்று சின்னதாகப் போட்டிருந்தால் "தேர்தல் கமிஷன் பாத்து ஓகே பண்ணினாத்தான் அப்படி வரும்" என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்பவர் கையில் பெரும்பாலும் ஆதாரம் இருக்காது. இரண்டாவதோ அந்தச் சொல்லுக்கு இல்லாத அர்த்தத்தை ஏற்றிச் சொல்வது.

இந்த இரண்டு பேச்சிலும் விட்டுப்போகிற கேள்வி ஒன்றுதான்: இந்தப் பதிவு என் கண்ணில் படுவதற்கு யார் காசு கொடுத்தார்கள்? அதை நமக்குச் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதுதான் வெளிப்படுத்தல் விதி. இந்தியாவில் அந்த விதி பாதி தூரம்தான் வந்திருக்கிறது. எந்தப் பாதி வந்திருக்கிறது, எந்தப் பாதி வரவில்லை என்று தெரிந்துகொண்டால் போனில் வருவதைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

உபயம் என்று ஏன் எழுதுகிறோம்

கும்பகோணத்திலோ திருவாரூரிலோ ஒரு கோயில் திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். இன்ன நாள் மண்டகப்படி இன்னார் உபயம், நாதஸ்வரக் கச்சேரி இன்னார் உபயம், அன்னதானம் இன்னார் உபயம் என்று வரிசையாகப் பெயர் இருக்கும். உபயம் என்று எழுதியதால் கச்சேரி நன்றாக இருக்கும் என்று யாரும் அர்த்தம் எடுத்துக்கொள்வதில்லை, மோசமாக இருக்கும் என்றும் நினைப்பதில்லை. காசு யாருடையது என்று ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். அப்புறம் திருவிழா முடிந்து கணக்குப் பார்க்கும்போது வரவும் செலவும் சரியாக இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் வழி இருக்கிறது.

அரசியல் விளம்பரத்தின் மேல் போடும் லேபிளும் இதே வேலையைத்தான் செய்கிறது. வெளிப்படுத்தல் என்றால், ஒரு செய்திக்குப் பின்னால் பணம் இருக்குமானால் அந்தப் பணம் யாருடையது என்பதை அந்தச் செய்தியோடு சேர்த்தே சொல்லிவிடுவது. செய்தி உண்மையா பொய்யா என்பது தனிக் கேள்வி. காசு கொடுத்துப் போட்ட விளம்பரத்தில் சொன்னது அத்தனையும் உண்மையாக இருக்கலாம். ஒரு பைசா வாங்காமல் ஒருவர் பார்வர்டு பண்ணுவது முழுப் பொய்யாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் நம் வாக்குவாதங்கள் பாதி வீணாகப் போகின்றன.

நோட்டீஸ் காலத்திலேயே இருந்த விதி

இது ஏதோ ஃபேஸ்புக் வந்தபிறகு கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. தேர்தல் துண்டுப் பிரசுரமோ சுவரொட்டியோ அச்சடித்தால் அதில் அச்சடித்தவர் பெயர், முகவரி, வெளியிடுபவர் பெயர், முகவரி எல்லாம் இருந்தாக வேண்டும் என்கிறது அது. அச்சகத்துக்குப் போய் "ஆயிரம் நோட்டீஸ் அடிங்க" என்று சொன்னால் மட்டும் போதாது. வெளியிடுபவர் தான் இன்னார் என்று கையெழுத்துப் போட்டு, அவரைத் தெரிந்த இரண்டு பேர் சான்றொப்பம் போட்ட உறுதிமொழியை இரண்டு பிரதி கொடுக்க வேண்டும். அச்சகத்தார் அதில் ஒன்றை, அடித்த நோட்டீஸோடு சேர்த்து, மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ராத்திரியோடு ராத்திரியாக பஸ் ஸ்டாண்டு முழுக்க ஒரு வேட்பாளரைப் பற்றி அசிங்கமாக நோட்டீஸ் ஒட்டியிருந்தால், அடியில் இருக்கும் அச்சகப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஆள் சிக்குவார். பெயர் இல்லாத நோட்டீஸ் என்றால் பெயர் இல்லாததே குற்றம். இவ்வளவு தெளிவான விதி காகிதத்துக்கு இருக்கிறது. அதே விஷயத்தை வீடியோவாக எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டால் அடியில் பார்க்க எந்தப் பெயரும் கிடையாது.

அடுத்து டிவி வந்தது. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஜெமினி டிவி தொடர்பான வழக்கில் ஒரு உத்தரவு போட்டது. அதன்படி டிவியிலும் கேபிளிலும் அரசியல் விளம்பரம் ஒளிபரப்பும் முன்பே அதைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். இதற்கு முன்சான்று என்று பெயர். சான்று கொடுப்பது ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. சுருக்கமாக எம்.சி.எம்.சி. மாவட்டத்துக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என இருக்கும்.

2013 அக்டோபர் 25 அன்று தேர்தல் ஆணையம் இதைச் சமூக வலைத்தளத்துக்கும் நீட்டியது. அந்த அறிவுறுத்தலில் மூன்று விஷயம் முக்கியம். வேட்பாளர் தன் சமூக வலைத்தளக் கணக்குகளை வேட்புமனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டும். இணையத்தில் போடும் அரசியல் விளம்பரத்துக்கும் முன்சான்று வேண்டும். இணையப் பிரச்சாரத்துக்கு ஆகும் செலவையும் தேர்தல் செலவுக் கணக்கில் காட்ட வேண்டும், அதில் விளம்பரக் காசு மட்டுமில்லாமல், வீடியோ தயாரிக்க ஆன செலவும் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்குக் கொடுக்கும் சம்பளமும் அடங்கும்.

ஆக, பெயர் போடு என்பது பழைய நோட்டீஸ் விதி, முன்சான்று வாங்கு என்பது டிவி விதி, இணையத்துக்கு டிவி விதியைத்தான் நீட்டினார்கள். நோட்டீஸ் விதியை, அதாவது ஒவ்வொரு பதிவின் மேலும் பெயர் இருக்க வேண்டும் என்பதை, அதே அழுத்தத்தோடு நீட்டவில்லை. இந்த ஒரு இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பேஜில் நான் எழுதினால்?

முன்சான்று என்றதும் நிறைய பேர் பயந்துவிடுகிறார்கள். பட்டுக்கோட்டையில் ஒரு விவசாயி தன் சொந்தக் கணக்கில் "இந்த எம்.எல்.ஏ. எங்க வாய்க்காலைத் தூர்வாரினார், அவருக்குத்தான் என் ஓட்டு" என்று எழுதினால் யாரிடமும் சான்று வாங்கத் தேவையில்லை. திட்டி எழுதினாலும் தேவையில்லை. சொந்தக் கணக்கில் போடும் பதிவு, படம், வீடியோ, கருத்து எல்லாம் விளம்பரமாகக் கருதப்படாது என்று தேர்தல் ஆணையமே தெளிவுபடுத்தியிருக்கிறது. அவதூறு, பகை மூட்டுவது போன்ற சட்டங்கள் எப்போதும்போல எல்லோருக்கும் உண்டு, அது வேறு கதை.

அதே பதிவை அவர் பூஸ்ட் பண்ணினால் கதை மாறுகிறது. பூஸ்ட் என்றால், ஃபேஸ்புக் மாதிரியான நிறுவனத்துக்குக் காசு கட்டி, நம் பதிவை நம்மைத் தெரியாதவர்கள் கண்ணிலும் பட வைப்பது. காசு கட்டிய நிமிடத்திலிருந்து அது விளம்பரம்.

காசு போகும் இரண்டு வழி

இப்போதுதான் விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம். ஒரு பேஜை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான எந்தப் பேஜையும் சொல்லவில்லை, ஆனால் இப்படி ஒன்றாவது நீங்கள் பின்தொடர்வீர்கள். தினமும் காலையில் மேட்டூர் அணை நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு என்று மூன்று வரி போடுவார்கள். பாசனத்துக்கு வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால், மொத்தம் 120 அடியில் இப்போது எத்தனை அடி இருக்கிறது என்று பார்க்க எல்லோரும் அங்கேதான் போவார்கள். சம்பா அறுவடை சமயத்தில் எந்தக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கிக் கிடக்கிறது, ஈரப்பதம் என்று சொல்லி எங்கே திருப்பி அனுப்புகிறார்கள் என்று போடுவார்கள். சொன்னது சரியாக இருக்கும், அதனால் நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நம்பிக்கைதான் அந்தப் பேஜின் சொத்து.

தேர்தல் வருகிறது. ஒரு கட்சிக்காரர் தன் வேட்பாளரைப் பற்றிய வீடியோவை இந்த விவசாயிகள் கண்ணில் பட வைக்க நினைக்கிறார். அவருக்கு இரண்டு வழி. ஒன்று, ஃபேஸ்புக் நிறுவனத்துக்குக் காசு கட்டி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று ஊர் குறித்து விளம்பரம் கொடுப்பது. இன்னொன்று, அந்தப் பேஜ் நடத்துகிற தம்பிக்கு நேரில் காசு கொடுத்து "இதை உன் பேஜில் உன் பதிவு மாதிரியே போட்டுடு" என்பது.

பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே வீடியோதான், விதிகளின் கண்ணில்தான் இரண்டும் வேறு வேறு.

முதல் வழி: நிறுவனத்துக்குப் போகும் காசு

இந்த வழியில் ஓரளவு வெளிச்சம் இருக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் பதிவுசெய்த பயனர்கள் உள்ள பெரிய சமூக வலைத்தளங்கள், தாங்கள் நேரடியாகக் காசு வாங்கிக்கொண்டு பரப்பும் செய்தியை இது விளம்பரம் என்று அடையாளம் தெரியும்படி காட்ட வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. ‘ஸ்பான்சர்ட்’ என்ற சொல் அந்த வகை அடையாளம்தான். நிறுவனத்துக்குக் காசு வந்திருக்கிறது என்று மட்டுமே அதற்கு அர்த்தம்.

அரசியல் விளம்பரம் என்றால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனம் கூடுதலாக ஒன்று கேட்கிறது. விளம்பரம் கொடுப்பவர் தன் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், விளம்பரத்தின் மேல் ‘பெய்டு ஃபார் பை’ என்று காசு கட்டியவர் பெயர் வர வேண்டும். இந்த ஏற்பாடு இந்தியாவில் 2019 மக்களவைத் தேர்தலுக்கு முன்பு வந்தது. கூகுளும் யூடியூபும் அதே சமயத்தில் தங்கள் ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. அங்கே கட்சி, வேட்பாளர் விளம்பரத்துக்கு முன்சான்றையும் காட்ட வேண்டும்.

இதோடு விளம்பர நூலகம் என்று ஒன்றும் வந்தது. ஓடிய, ஓடுகிற அரசியல் விளம்பரங்களை எல்லாம் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி நிறுவனம் திறந்து வைத்திருக்கும் பதிவேடு அது. மெட்டாவின் நூலகத்தைத் திறந்து, நாடு இந்தியா என்று வைத்து, தேர்தல், அரசியல் சார்ந்த விளம்பரங்கள் என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து, ஒரு பேஜின் பெயரை அடித்துப் பாருங்கள். எந்த விளம்பரம், எந்தத் தேதியில், யார் காசு, சுமார் எவ்வளவு, எந்த வயதினர் பார்த்தார்கள், எந்த மாநிலத்தில் என்றெல்லாம் வரும். தொகை துல்லியமாக இருக்காது, இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள் என்று இருக்கும். 7 ஆண்டுகள் வரை வைத்திருக்கிறார்கள். இதைப் பார்க்க ஃபேஸ்புக் கணக்குகூடத் தேவையில்லை. டெல்டாவில் அரசியல் பேசுகிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இதைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இதிலும் ஓட்டை இருக்கிறது. ‘பெய்டு ஃபார் பை’ என்ற இடத்தில் கட்சியின் பெயர் இல்லாமல், ஊரில் யாரும் கேள்விப்படாத ஏதோ ஒரு அமைப்பின் பெயர் இருக்கலாம். இப்படி ஒரு கட்சிக்காக வேறு பெயரில் கொடுக்கப்படும் விளம்பரத்தைப் பினாமி விளம்பரம் என்று சொல்லலாம். பெயர் போட்டாயிற்று, ஆனால் ஆள் யாரென்று தெரியவில்லை. இருந்தாலும் விளம்பரம் பதிவேட்டில் கிடக்கிறது, தோண்டுகிறவர் தோண்டலாம்.

இரண்டாவது வழி: அட்மினுக்குப் போகும் காசு

இங்கே வெளிச்சமே இல்லை. பேஜ் நடத்துபவர் கையில் வாங்கிய காசு ஃபேஸ்புக்குக்குத் தெரியாது. அதனால் ‘ஸ்பான்சர்ட்’ என்று வராது, ‘பெய்டு ஃபார் பை’ வராது, விளம்பர நூலகத்தில் தேடினாலும் கிடைக்காது. பார்ப்பவருக்கு அது அணை நீர்மட்டம் போடும் அதே தம்பி மனசாரச் சொல்வது மாதிரிதான் தெரியும்.

எனக்குப் பொறுக்காத இடம் ஒன்று இதில் உண்டு. அதே தம்பி ஒரு உரக் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு அந்த உரத்தைப் புகழ்ந்து வீடியோ போட்டால், காசு வாங்கியதைச் சொல்லியாக வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதன் கீழ் வந்த 2022, 2023 வழிகாட்டுதல்களும் அதைக் கேட்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். ஆனால் அந்தச் சட்டம் பேசுவது பொருளையும் சேவையையும் பற்றி. கட்சி பொருளும் கிடையாது, சேவையும் கிடையாது. விளம்பரத் துறையினர் தங்களுக்குள் வைத்திருக்கும் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், சமூக வலைத்தளப் பிரபலங்களுக்கு 2021-லேயே விதி போட்டது, அதுவும் அரசியல் விளம்பரத்தைத் தொடுவதில்லை. ஒரு மூட்டை உரம் வாங்கும்போது கிடைக்கும் பாதுகாப்பு ஓட்டுப் போடும்போது நமக்குக் கிடையாது என்பதுதான் இன்றைய நிலை.

அதாவது, நிறுவனத்துக்குக் கட்டிய காசுக்கு லேபிள் உண்டு, பதிவேடு உண்டு. ஆள் கையில் கொடுத்த காசுக்கு இரண்டும் இல்லை. ‘ஸ்பான்சர்ட்’ என்று போட்ட விளம்பரத்தைப் பார்த்து "பாரு, காசு" என்று கொதிப்பவர்கள், உண்மையில் பெயர் சொல்லிவிட்ட காசைப் பார்த்துத்தான் கொதிக்கிறார்கள்.

அப்படியானால் கணக்கு?

லேபிள் இல்லையே தவிர, அந்தக் காசு கணக்கில் வரத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதி வேட்பாளர் ஒருவர் 40 லட்சம் ரூபாய் வரைதான் செலவு செய்யலாம், மக்களவை என்றால் 95 லட்சம். 2022 ஜனவரியில் உயர்த்திய வரம்பு இது. முடிவு அறிவித்து 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், முறையாகக் கொடுக்காவிட்டால் 3 ஆண்டு வரை போட்டியிடத் தகுதி போகலாம். பேஜ் அட்மினுக்கு வேட்பாளர் கொடுத்த 20,000 ரூபாயும் இந்த வரம்புக்குள் வர வேண்டிய காசுதான்.

"நான் என் சொந்தக் காசுல எங்க ஆளுக்குப் பூஸ்ட் பண்றேன், அவருக்குத் தெரியவே தெரியாது" என்று ஒரு ரசிகர் சொன்னால்? வேட்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அவரை ஜெயிக்க வைக்க விளம்பரத்துக்குச் செலவு செய்வதே குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 171எச் என்று இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 176-ஆவது பிரிவு. அனுமதி கொடுத்திருந்தால் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறும். காகிதத்தில் பார்த்தால் தப்பிக்க வழியே இல்லாத மாதிரி இருக்கிறது. ஆனால் கட்சியின் செலவுக்கு வரம்பு கிடையாது. வேட்பாளர் பெயரைச் சொல்லாமல் கட்சியை, தலைவரை, சின்னத்தை மட்டும் புகழ்ந்தால் அது கட்சியின் பொதுப் பிரச்சாரம் என்று போய்விடும். பேஜ்களில் நாம் பார்க்கும் வீடியோக்கள் பலவற்றில் உள்ளூர் வேட்பாளரைவிடத் தலைவர் முகம் அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தேர்தல் பணம் என்றால் 2016 ஞாபகம் வரும். வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்ததாகச் சொல்லி தஞ்சாவூர், அரவக்குறிச்சி இரண்டு தொகுதிகளின் தேர்தலையும் ஆணையம் ரத்துசெய்து, அந்த ஆண்டு நவம்பரில்தான் நடத்தியது. நோட்டுக்கட்டு என்றால் பறக்கும் படை பிடித்துவிடலாம். ஒரு அட்மினின் ஜிபேவுக்குப் போன காசை வாகனச் சோதனையில் பிடிக்க முடியாது.

லேபிள் கழன்று விழும் இடம்

முறையாகப் பெயர் போட்ட விளம்பரமே கூட நம்மிடம் வரும்போது பெயர் இல்லாமல் வரலாம். ‘பெய்டு ஃபார் பை’ என்ற வரி வீடியோவுக்குள் இல்லை, ஃபேஸ்புக் அதன் மேல் ஒட்டிக் காட்டும் வரி அது. யாரோ அந்த வீடியோவை டவுன்லோடு செய்து வாட்ஸ்அப்பில் போட்டால் வீடியோ மட்டும்தான் வரும், வரி அங்கேயே நின்றுவிடும். உழவர் குழு, தெருக் குழு, பள்ளித் தோழர் குழு என்று சுற்றி, சித்தப்பா அனுப்பியதாக நம் கைக்கு வரும்போது அது விளம்பரமாக இருந்த சுவடே இருக்காது. வாட்ஸ்அப்பில் வரும் ‘பலமுறை பார்வர்டு செய்யப்பட்டது’ என்ற குறிக்கும் பணத்துக்கும் சம்பந்தம் இல்லை, அது எத்தனை கை மாறியது என்பதைத்தான் சொல்கிறது.

இதை எப்படிச் சரிசெய்வது என்று பிரிட்டன் யோசித்திருக்கிறது. அங்கே 2023 நவம்பர் 1 முதல், காசு கொடுத்துப் போடும் இணைய அரசியல் விளம்பரத்தில் வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். கூடுமானவரை அது விளம்பரத்துக்குள்ளேயே, வேறொருவர் பகிர்ந்தாலும் கூடவே போகும்படி இருக்க வேண்டும். நம்முடைய 127ஏ நோட்டீஸ் விதியும் இதே யோசனைதான், பெயர் அந்தக் காகிதத்திலேயே இருப்பதால் எத்தனை கை மாறினாலும் கூடவே வரும்.

ஏஐ லேபிளையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கட்சிகளும் வேட்பாளர்களும் ஏஐ வைத்துச் செய்த வீடியோ, படம் போட்டால் திரையில் 10 சதவீத இடத்துக்காவது அதைக் குறிப்பிட வேண்டும், ஆடியோ என்றால் முதல் 10 சதவீத நேரத்துக்கு, என்று 2025 அக்டோபரில் தேர்தல் ஆணையம் சொன்னது. எப்படித் தயாரித்தார்கள் என்பதற்கான லேபிள் அது, யார் காசு என்பதைப் பற்றி அது பேசாது.

நாம் என்ன செய்யலாம்

ஒரு பதிவைப் பார்த்ததும் காசு வாங்கினான் என்று சொல்லும் முன் விளம்பர நூலகத்தில் தேடுங்கள். அங்கே இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் காசு வாங்கவில்லை என்றும் அர்த்தம் இல்லை, வாங்கினார் என்றும் அர்த்தம் இல்லை. ஒரே வீடியோ, ஒரே வாசகத்தோடு, ஒரே நாளில் நான்கைந்து உள்ளூர் பேஜ்களில் வந்தால் சந்தேகப்பட நியாயம் உண்டு, அப்போதுகூட ஒரு ஆளின் மேல் பழி போடுவதைவிடக் கமெண்டில் நேராகக் கேட்பது நல்லது: "இது கட்டணப் பதிவா?"

தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் செயலியில் புகார் கொடுக்கலாம், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் ஏற்பாடு. 1950 என்ற உதவி எண்ணும் உண்டு. கலெக்டர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர், எம்.சி.எம்.சி. அவர் கீழ்தான் இயங்குகிறது. புகாரில் பதிவின் லிங்க், பார்த்த நேரம், பேஜின் பெயர் மூன்றும் இருந்தால் அவர்களுக்குப் பிடி கிடைக்கும், பார்வர்டு வந்த வீடியோவை மட்டும் அனுப்பினால் எங்கிருந்து வந்தது என்று அவர்களாலும் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம்.

டெல்டாவில் பேஜ், சேனல் நடத்துகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இடம் விற்பது உங்கள் பிழைப்பு, அதில் தவறு இல்லை. அரசியல் பதிவுக்குக் காசு வாங்கினால் முதல் வரியிலேயே ‘கட்டணப் பதிவு’ என்றும், கொடுத்தது யார் என்றும் எழுதுங்கள். வீடியோ என்றால் அதை எடிட் பண்ணும்போதே திரையின் மூலையில், தொடக்கத்திலிருந்து கடைசிவரை தெரியும்படி எழுத்தாகப் போட்டுவிடுங்கள், டவுன்லோடு பண்ணி அனுப்பினாலும் போகாது. கொடுப்பவர் "அதெல்லாம் போடாதே தம்பி" என்று சொன்னால், வேட்பாளரின் எழுத்துபூர்வ அனுமதியும் எம்.சி.எம்.சி. சான்றின் நகலும் கேளுங்கள்.